வேடந்தாங்கலா, கோடியக்கரையா, தட்டேக்காடா, பரத்பூரா? பறவை பார்க்கப் போகுமுன் ஓர் ஒப்பீடு

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், பறவை பார்ப்பதில் புதிதாக ஆர்வம் கொண்டவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி: மூன்று நாள் விடுமுறை இருக்கிறது, எந்தச் சரணாலயத்துக்குப் போகலாம்? கேட்பவர்களில் பெரும்பாலோர் நான்கு பெயர்களுக்கு நடுவில்தான் தயங்கி நிற்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல், நாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடியக்கரை, கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள தட்டேக்காடு, ராஜஸ்தானின் பரத்பூர் ஆகியவையே அவை. நான்கும் பேர்பெற்ற இடங்கள் என்பதால், எங்கே போனாலும் கிடைப்பது ஒன்றுதான், தூரமும் செலவும் மட்டுமே வேறு என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணம்தான் பல பயணங்களை ஏமாற்றத்தில் முடிக்கிறது. வேடந்தாங்கலில் காட்டுப் பறவைகளைத் தேடுவதும், தட்டேக்காட்டில் நாரைக் கூட்டத்தை எதிர்பார்ப்பதும் இடத்தின் குற்றமல்ல.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், நாம் பார்க்க விரும்புவது கூட்டத்தையா, இனங்களையா என்பது. ஓர் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதைப் பார்ப்பது ஒருவகை இன்பம். அரை நாள் காத்திருந்து, வேறெங்கும் எளிதில் காணமுடியாத ஒரே ஒரு பறவையைப் பார்ப்பது முற்றிலும் வேறுவகை. முதலாவதற்குப் பயிற்சி வேண்டாம். இரண்டாவதற்குப் பொறுமையும் பெரும்பாலும் ஒரு வழிகாட்டியும் வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். நீர்ப்பறவைகளை நம்பிப் போகும் எந்தப் பயணமும் அந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது. ஆகவே, எவ்வளவு காலத்துக்கு முன்பே நாம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அந்த நேரத்தில் நீர்நிலையின் கதி நமக்குத் தெரிந்திருக்குமா என்ற கேள்வியை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். என் கணிப்பில் இதுவே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. பயணத் திட்டம் போடுகிறவர்கள் மிகக் குறைவாக யோசிப்பதும் இதைத்தான்.

மூன்றாவது, படுக்கைக்கும் பறவைக்கும் இடையிலுள்ள தூரம். பறவைகள் மிகுந்த சுறுசுறுப்போடு இருப்பது விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மாலையில் வெயில் தாழ்ந்த பின்பும்தான். முதல் நாள் இரவு சரணாலயத்துக்கு அருகில் தங்கமுடியாவிட்டால், எத்தனை நூறு கிலோமீட்டர் பயணம் செய்தாலும் அந்த நேரத்தை இழந்துவிடுகிறோம்.

நான்காவது, உடன் வருபவர்கள். சிறு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள பெரியவர்கள், பறவையில் துளியும் ஆர்வமில்லாத வாழ்க்கைத்துணை என ஒவ்வொருவரும் திட்டத்தை மாற்றக்கூடியவர்கள். பணத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நுழைவுக் கட்டணம் இப்பயணங்களில் மிகச் சிறிய தொகை. உண்மையான செலவு தங்குமிடம், உள்ளூர் வண்டி, வழிகாட்டி ஆகியவற்றில் ஒளிந்திருக்கிறது.

## வேடந்தாங்கல்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் திருச்சி நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால் ஏரிக்குப் போய்விடலாம். பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். பல தலைமுறைகளாக ஊர்க்காரர்கள் காத்துவந்த ஏரி இது. 1790களில் செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் காலத்திலேயே, பறவைகளை யாரும் சுடக்கூடாது என்ற உரிமையை ஊரார் ஆங்கிலேய நிர்வாகத்திடமிருந்து பெற்றுவிட்டார்கள். இதில் இரக்கத்தோடு கணக்கும் இருந்தது. பறவைகளின் எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் கீழேயுள்ள வயல்களுக்கு உரமாகப் பாய்ந்தது. 2022-இல் இது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இங்கே பார்ப்பதற்கு இருப்பது கூட்டம். நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், சாம்பல் நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கூழைக்கடா எனப் பல இனங்கள் அடுக்கடுக்காகக் கூடு கட்டுகின்றன. கரையில் நடந்தபடியே, பைனாகுலர் இல்லாமலும் ஓரளவு பார்க்கலாம். நத்தைகுத்தி நாரை கூட்டுக்குத் திரும்பும்போது அதன் அலகைக் கவனியுங்கள். மேல் அலகும் கீழ் அலகும் நுனியிலும் அடியிலும் மட்டும் சேர்ந்து, நடுவில் ஒளி தெரியும் அளவுக்கு இடைவெளி இருக்கும். வயல்களில் நத்தைகளைப் பிடித்துக் கையாள்வதற்கு வாகான அமைப்பு அது. குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். ஒரே மரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதால் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

காலம் வடகிழக்குப் பருவமழையைப் பொறுத்தது. ஏரி நிறைந்தால் கார்த்திகையில் கூடு கட்டத் தொடங்கி, மார்கழிப் பிற்பாதியிலிருந்து மாசி வரை குஞ்சுகளோடு களைகட்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் மிகக் குறைவாகவே வரும், வந்தவையும் சீக்கிரம் கிளம்பிவிடும். ஆனால் இந்த ஆபத்தை எளிதில் தவிர்க்கலாம். அருகிலிருப்பவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஏரி நிலவரத்தை விசாரித்துவிட்டுச் சனிக்கிழமை கிளம்பலாம், முன்பணம் எதையும் இழக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு நேரம். சென்னையிலிருந்து காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் வெயில் ஏறியபின் வந்து, பெரிய பறவைகளில் பாதி இரைதேடப் போய்விட்ட நேரத்தில் கரையைச் சுற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். மாலை நான்கு மணிக்கு மேல், வயல்களிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பும் காட்சிதான் இவ்விடத்தின் சிறப்பு. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை இரவு ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். காணும் பொங்கலன்று போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இன்னொரு குறை, இடம் சிறியது. இரண்டு மணி நேரத்தில் கரை முழுவதையும் பார்த்துவிடலாம், இரண்டாம் நாளுக்கு அங்கே புதிதாக ஒன்றுமில்லை. ஆகவே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரிக்கிலி சரணாலயத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது. வேடந்தாங்கலில் குறைவாகத் தெரியும் வாத்துகளும் கரையோரப் பறவைகளும் அங்கே கிடைக்கும், கூட்டமும் இருக்காது.

## கோடியக்கரை

சோழமண்டலக் கடற்கரை தெற்கே ஓடிவந்து மேற்கே முறியும் முனையில், வேதாரண்யத்துக்கு அப்பால் இருக்கிறது கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் தமிழகத்தின் முதல் ராம்சர் தலமானது. ஒரு பக்கம் வறண்ட பசுமைமாறாக் காடும் வெளிமான்கள் மேயும் புல்வெளியும், மறுபக்கம் பெருஞ்சதுப்பும் உப்பளங்களுமாக இரண்டு வேறு உலகங்கள் இங்கே ஒட்டிக்கிடக்கின்றன. திட்டமிடும்போது இரண்டுக்கும் தனித்தனி அரை நாள்களை ஒதுக்க வேண்டும். ஒரே காலையில் இரண்டையும் பார்க்க முனைந்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

சதுப்புப் பக்கம்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. வட ஆசியாவிலிருந்து வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பவளக்காலிகளும் ஆலாக்களும் சேற்றுப் பரப்பில் இரைதேடுகின்றன. பூநாரைகளும் வருகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதைகளை ஆராய்ந்துவருகிறது. எனினும் ஒரு புதியவருக்கு இந்தப் பறவைகள் பெரும் சோதனை. தொலைவில் சாம்பலும் பழுப்புமாக ஓடித்திரியும் நூறு சிறு பறவைகளில் கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, அதைப்போலவே இருக்கும் டெம்மிங்க் உள்ளானுக்குக் கால் மஞ்சள் கலந்த பச்சை என்று பிரித்தறிவதற்கு, முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியும், கால் நிறத்தை மறைக்கும் சேறு காயும் வரை காத்திருக்கும் மனமும் தேவை. அது இல்லாதவர்களுக்குக் கோடியக்கரை பூநாரையோடு நின்றுவிடும். பூநாரையும் பெரும்பாலும் அடிவானத்தில் வெளிறிய இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும்.

காலக் கணக்கு இங்கே சிக்கலானது. காட்டுப் பகுதியில் அரசவால் ஈப்பிடிப்பான், ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகள் அக்டோபர், நவம்பரில் வந்திறங்குகின்றன. ஆனால் அதே மாதங்கள்தான் புயல் மாதங்களும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது காட்டின் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. சதுப்புப் பக்கத்திலோ, மழை அதிகமானாலும் தொல்லைதான். பூநாரையும் உள்ளான்களும் ஆழமற்ற நீரில்தான் மேயமுடியும் என்பதால், வெள்ளம் நிற்கும் வாரங்களில் அவை வேறிடம் தேடிப் போய்விடும். தை, மாசியில் நீர் வற்றிச் சேறு வெளிப்படத் தொடங்கும்போது போவதே இரண்டு தொல்லைகளுக்கும் நடுவிலான வழி.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது, சென்னையிலிருந்து சாலைவழி ஏறக்குறைய 350 கிலோமீட்டர் என்பதோடு, அங்கே போய்ச்சேர்ந்த பிறகும் கோடிக்காடு, உப்பளச் சாலை, முனை என்று அலைய உள்ளூர் வண்டி வேண்டும். உப்பளங்களில் பல பகுதிகளுக்கு முன்கூட்டியே அனுமதி பெறவும் வேண்டும். இரண்டாவது, தங்குமிடம். வேதாரண்யத்திலுள்ள விடுதிகள் எளியவை, எண்ணிக்கையிலும் குறைவு. தை அமாவாசைக்குக் கடலாடுவதற்குப் பெருங்கூட்டம் கூடும் ஊர் இது. அந்த வாரத்தில் அறையும் கிடைக்காது, முனையில் அமைதியும் இருக்காது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது இங்கே நடைமுறைத் தேவை.

பறவையில் ஆர்வமில்லாதவர் உடன் வந்தால் கோடியக்கரைக்கு ஒரு சாதகம் உண்டு. வெளிமான், காட்டில் திரியும் குதிரைகள், கலங்கரை விளக்கம், வேதாரண்யேசுவரர் கோயில், கோடிக்காட்டுக் குழகர் கோயில் என்று அவருக்கும் பொழுதுபோகும்.

## தட்டேக்காடு

கோதமங்கலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், பெரியாற்றங்கரையில் 25 சதுர கிலோமீட்டரில் அமைந்த தாழ்நிலக் காடு. 1930களில் திருவிதாங்கூர்ப் பகுதியில் பறவை ஆய்வு செய்த சாலிம் அலி இவ்விடத்தின் வளத்தை வியந்து எழுதினார். 1983-இல் சரணாலயமாகி, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இங்கே கூட்டம் கிடையாது. காடு அமைதியாக இருக்கும், ஒரு பறவைகூடத் தென்படாமல் அரை மணி நேரம் போகும். பிறகு வழிகாட்டி ஒரு புதரை விலக்கிக் கைகாட்டுவார், அங்கே காய்ந்த இலைகளின் நிறத்திலேயே இலங்கைத் தவளைவாயன் ஒன்று, பெரும்பாலும் இணையோடு ஒட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். அது இரவுப் பறவை. பகலில் ஒரே கிளையில் நாள்கணக்கில் ஓய்வெடுக்கும் வழக்கம் உள்ளதால், அந்தக் கிளை எது என்று அறிந்தவர் இல்லாமல் அதைக் கண்டுபிடிப்பது நடவாத காரியம். தீக்காக்கையோடு, மலபார் சாம்பல் இருவாச்சி, வெண்வயிற்று வால்காக்கை, மலபார் கிளி என மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் பலவற்றை இரண்டு மூன்று நாள்களில் பார்க்கும் வாய்ப்புள்ள இடம் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை.

நான்கில், மழை பொய்ப்பதால் பயணம் அதிகம் பாதிக்கப்படாத இடம் இது ஒன்றுதான். காட்டுப் பறவைகள் ஏரி நிறைவதற்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே மாதக்கணக்கில் முன்பே விடுப்பு சொல்லி, முன்பதிவு செய்தே ஆகவேண்டிய வேலையில் இருப்பவர்களுக்குத் தட்டேக்காடே பாதுகாப்பான தேர்வு என்பது என் உறுதியான கருத்து. அக்டோபர் முதல் மார்ச் வரை எப்போது போனாலும் கை நிறையும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் அட்டைகளுக்கும் அடைமழைக்கும் அஞ்சி ஒதுங்குவது நல்லது.

செலவுக் கணக்கில் வழிகாட்டியின் நாள்கூலியை முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். அதை மிச்சம்பிடிப்பது பயணத்தையே வீணாக்குவதற்குச் சமம். யானை நடமாட்டமுள்ள காடு என்பதால் விடியற்காலையில் தனியாக நடப்பது ஆபத்தும்கூட. உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் ஹோம்ஸ்டேக்களில் தங்கினால் சாப்பாடும் வழிகாட்டியும் ஒரே இடத்தில் அமைந்துவிடும், படுக்கைக்கும் பறவைக்கும் உள்ள தூரமும் சில நூறு அடிகளாகச் சுருங்கும். சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஆலுவாவோ எர்ணாகுளமோ போய், அங்கிருந்து கோதமங்கலத்துக்குப் பேருந்தில் வரலாம்.

முன்பதிவின்போதே வழிகாட்டியிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பறவையை வரவழைக்கும் வழக்கம் புகைப்படக்காரர்களின் நெருக்குதலால் பல இடங்களில் பரவியிருக்கிறது. கூடு கட்டும் பருவத்தில் அது பறவைக்குச் செய்யும் கொடுமை. நமக்கு அப்படி வேண்டாம் என்று சொன்னால் பெரும்பாலான வழிகாட்டிகள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள்.

சிறு பிள்ளைகளுக்கு இவ்விடம் பொருந்தாது. அசையாமல், பேசாமல் நிற்கச் சொல்லி ஏழு வயதுப் பிள்ளையை வதைப்பதில் பயனில்லை.

## பரத்பூர்

கேவலாதேவ் தேசியப் பூங்கா என்பது இன்றைய பெயர். சட்டப்படி தேசியப் பூங்காவாகிவிட்டாலும் பேச்சுவழக்கில் இன்னும் பரத்பூர்ப் பறவைகள் சரணாலயம்தான். அரசர்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்த இடம். 1938-இல் வைசிராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டதைப் பூங்காவுக்குள் உள்ள கல்வெட்டு இன்றும் பெருமையோடு அறிவிக்கிறது. 1985 முதல் உலகப் பாரம்பரியக் களம்.

சுமார் 29 சதுர கிலோமீட்டருக்குள் 350-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. தமிழகத்திலிருந்து போகிறவர்களுக்குச் சாரசக் கொக்கு ஒன்றே போதுமான காரணம். ஆளுயரம் நிற்கும் அந்தப் பறவையை நம் ஊரில் பார்க்க வழியில்லை. சைபீரியக் கொக்கை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது 2001–02 குளிர்காலத்துக்குப் பிறகு அங்கே வருவதில்லை. நடக்கமுடியாத பெரியவர்களுக்கு நான்கில் மிக வசதியானது இதுவே. சமதளமான சாலையில் சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், ஓட்டுபவர்களில் பலர் பறவைகளை அடையாளம் காட்டப் பழகியவர்கள்.

குறை, தூரமும் பனிமூட்டமும். டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை காலை பத்து மணியானாலும் எதிரிலிருப்பது தெரியாத நாள்கள் உண்டு. அதே நாள்களில்தான் வட இந்திய ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். கம்பளி உடைகளுக்கும், இணைப்பு ரயிலைத் தவறவிட்டால் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதற்கும் பணம் ஒதுக்கியே ஆகவேண்டும். நீர்வரத்தும் நிலையானதல்ல, இயற்கையான ஓட்டம் குறைந்தபின் பல ஆண்டுகளில் வெளியிலிருந்து கொண்டுவரும் நீரை நம்பியே பூங்கா இருக்கிறது. எனவே பறவைக்காக மட்டும் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இவ்வளவு தூரம் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆக்ராவோ மதுராவோ போகும் திட்டம் ஏற்கெனவே இருந்தால், அவற்றிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவுதான், இரண்டு இரவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வேடந்தாங்கல் | கோடியக்கரை | தட்டேக்காடு | பரத்பூர் |
|---|---|---|---|---|
| முக்கியமாகக் கிடைப்பது | கூடு கட்டும் பெருங்கூட்டம் | கரையோர வலசைப் பறவைகள், பூநாரை, வெளிமான் | மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பறவைகள் | வாத்துகள், சாரசக் கொக்கு, கொன்றுண்ணிகள் |
| ஏற்ற காலம் | டிசம்பர் – பிப்ரவரி | ஜனவரி – பிப்ரவரி | அக்டோபர் – மார்ச் | நவம்பர், பிப்ரவரி |
| மழை பொய்த்தால் | பெரும் பாதிப்பு | மிகுந்தாலும் குறைந்தாலும் பாதிப்பு | சிறிய பாதிப்பு | பாதிப்பு உண்டு |
| தேவையான நாள்கள் | ஒன்று | இரண்டு | இரண்டு அல்லது மூன்று | இரண்டு, பயண நாள்கள் தனி |
| வழிகாட்டி | வேண்டியதில்லை | இருந்தால் நல்லது | கட்டாயம் | ரிக்‌ஷாக்காரரே போதும் |
| எதிர்பாராத செலவு | விடுமுறை நெரிசல் | உள்ளூர் வண்டி, அனுமதி | வழிகாட்டியின் கூலி | பனி, ரயில் தாமதம் |

## எப்போது முடிவெடுப்பது

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரி மாதப் பயணத்துக்கு நவம்பரில் சீட்டு எடுக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் பாதிதான் பெய்து முடிந்திருக்கும். ஆகவே பொங்கலையொட்டிய வாரத்தில் விடுப்பு எடுப்பவர்கள், நவம்பரில் தட்டேக்காட்டுக்கு ஆலுவா வரை ரயில் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மார்கழி பிறந்ததும் வேடந்தாங்கல், கோடியக்கரை நிலவரத்தைப் பார்க்கலாம். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைப் பகிரும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் அந்த இடத்தின் பெயரைத் தேடினால், கடந்த சில வாரங்களில் போனவர்கள் என்னென்ன பார்த்தார்கள் என்ற பட்டியல் தேதியோடு கிடைக்கும். அதில் நத்தைகுத்தி நாரையின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தால் ஏரி நிறைந்திருக்கிறது என்று பொருள். பத்து இருபதுக்குள் நின்றால் அந்த ஆண்டு வேடந்தாங்கலைத் தள்ளிவைக்கலாம்.

பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு, ஏரி நிறைந்த ஆண்டில் வேடந்தாங்கலைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். உறுதியாகத் திரும்பத் திரும்பப் பறவை பார்க்கப் போகப்போகிறவர், நல்ல பைனாகுலர் வைத்திருப்பவர், தனியாகவோ ஒத்த ஆர்வமுள்ள நண்பரோடோ போகிறவர் தட்டேக்காட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். கோடியக்கரையை இரண்டாவது அல்லது மூன்றாவது குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. கொசு உள்ளானை ஊர் ஏரிக்கரையில் பார்த்துப் பழகியவருக்குத்தான் அந்தச் சதுப்பு முழுப் பயனையும் தரும். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சைப் பகுதிக்காரர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. ஒரு பகலில் போய்த் திரும்பும் தூரத்தில் கோடியக்கரை இருக்கும்போது, அவர்கள் தை மாதத்தில் முதலில் அங்கேதான் போகவேண்டும், தை அமாவாசை வாரத்தை மட்டும் விட்டுவிட்டு.